பால்கனில் தனியாக ரயில் பயணம், கூடவே பதற்றம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதற்ற நோயோடு பல ஆண்டுகளாக வாழ்கிறேன். தென்கிழக்கு ஐரோப்பாவின் பால்கன் பகுதியில் பெல்கிரேட், சரயேவோ, சோஃபியா பக்கமெல்லாம் தனியாக ரயிலில் சுற்றியிருக்கிறேன். இதைக் கேள்விப்பட்டவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். மருத்துவம் படித்தவர் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மருந்து, சிகிச்சை விஷயத்தில் உங்கள் மருத்துவர் சொல்வதுதான் முடிவு.

பதற்றம் உள்ளவர் பால்கனுக்குத் தனியாகப் போகலாமா?

போகலாம். ஆனால் அங்கே போனால் பதற்றம் போய்விடும் என்று நம்பிப் போகாதீர்கள். அதுவும் கூடவே வரும், டிக்கெட் எடுக்காமலே.

பால்கன் ரயில்களை நான் பரிந்துரைப்பதற்குக் காரணம் அவற்றின் மெதுவும் குறைவும்தான். ஜெர்மனியிலோ சுவிட்சர்லாந்திலோ எட்டு நிமிடத்தில் வண்டி மாற வேண்டிய பயணத் திட்டத்தைக் கையில் கொடுப்பார்கள். அந்த எட்டு நிமிடத்தை நினைத்தே முந்தைய மூன்று மணி நேரமும் வீணாகும். பால்கனில் பல தடங்களில் நாளுக்கு ஒன்றிரண்டு வண்டிகள்தான். ஏறுவீர்கள், உட்காருவீர்கள், கடைசியில் இறங்குவீர்கள். முடிவெடுக்க வேண்டிய தருணங்கள் குறைவு. என் ஒரே விதி: ஒரு நாளில் ஒரே ரயில். அன்று வேறு எதையும் அதோடு முடிச்சுப்போடுவதில்லை.

இப்போது உங்கள் ஊரிலேயே தனியாகப் பஸ்ஸில் ஏற முடியாத நிலை என்றால், பால்கன் கொஞ்சம் காத்திருக்கட்டும். முதலில் பக்கத்து ஊர்வரை ஒரு பாசஞ்சர் வண்டி, பிறகு ஓர் இரவு வண்டி என்று ஏறிப் பாருங்கள்.

முதல் பயணத்துக்கு எந்தத் தடம் நல்லது?

போஸ்னியாவில் சரயேவோவிலிருந்து மோஸ்தார். சுமார் இரண்டு மணி நேரம், எல்லை கடப்பது இல்லை. வண்டி ஸ்பெயினில் கட்டிய டால்கோ. குளிர்சாதனம், எண்ணிட்ட இருக்கை எல்லாம் உண்டு. இவான் மலைச் சுரங்கத்தைத் தாண்டியதும் பிராடினாவிலிருந்து கோன்யிட்ஸ் ஊருக்குத் தண்டவாளம் வளைந்து வளைந்து இறங்குகிறது. சற்று முன் நாம் கடந்த பாதையே மேலே மலைச்சரிவில் தெரியும். பிறகு யாப்லனிட்சா ஏரி, அதன்பின் நெரெத்வா ஆற்றின் பள்ளத்தாக்கு. ஆற்றின் பச்சையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மோஸ்தார் வந்துவிடும். பிடிக்கவில்லை என்றால் திரும்பி வர ரயிலும் உண்டு, பஸ்ஸும் உண்டு. முதல் பயணத்துக்கு இந்த வசதி முக்கியம்.

நீளமாக, சோம்பலாக ஒன்று வேண்டுமென்றால் பல்கேரியாவில் செப்டெம்வ்ரியிலிருந்து டோப்ரினிஷ்டே போகும் குறுகிய தடம். அகலம் 760 மில்லிமீட்டர், நீளம் 125 கிலோமீட்டர், பயணம் ஏறத்தாழ ஐந்து மணி நேரம். நடுவில் வரும் அவ்ராமோவோ 1,267 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; பால்கனிலேயே மிக உயரமான ரயில் நிலையம் அதுதான். இதை விட வேகமாகப் போக வேண்டுமென்று யாரும் அதில் ஏறுவதில்லை.

எல்லா ஊருக்கும் ரயில் இருக்கிறதா?

இல்லை. வரைபடத்தில் தண்டவாளம் இருப்பதைப் பார்த்து ஏமாறுபவர்கள் அதிகம். ஒரு காலத்தில் யூகோஸ்லாவியா முழுவதையும் இணைத்த தடங்களில் பல இன்று எல்லையில் அறுந்து கிடக்கின்றன. குரோஷியாவின் ஜாக்ரெப்புக்கும் செர்பியாவின் பெல்கிரேடுக்கும் இடையே 2020க்குப் பின் நேரடிப் பயணிகள் ரயில் ஓடவில்லை. பெல்கிரேடிலிருந்து சரயேவோவுக்கும் பஸ்தான். குரோஷியக் கடற்கரை ஊரான துப்ரோவ்னிக்கில் ரயில் நிலையமே கிடையாது. அல்பேனியாவுக்குள் வெளிநாட்டிலிருந்து பயணிகள் ரயில் எதுவும் போவதில்லை. தலைநகர் திரானாவின் நிலையத்தை 2013இல் இடித்துவிட்டார்கள்.

ஆகவே "ரயிலில் மட்டும்" என்ற பிடிவாதம் வேண்டாம். நடுவே இரண்டு மூன்று பஸ் பயணம் வரும் என்று முதலிலேயே எழுதிவைத்துக்கொண்டால், பஸ் நிலையத்தில் நிற்கும்போது திட்டம் குலைந்துவிட்டது என்று தோன்றாது.

பெல்கிரேட்–பார் தடத்தில் சுரங்கங்கள் நிறைய என்கிறார்களே, மூடிய இடம் என்றாலே பயப்படுபவர் போகலாமா?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். ஒளிக்காமல் சொல்கிறேன்: 476 கிலோமீட்டர் தடத்தில் 254 சுரங்கங்கள். அனைத்தையும் கூட்டினால் சுமார் 114 கிலோமீட்டர். அதாவது பாதையில் ஏறத்தாழ கால்பங்கு மலைக்குள்ளே. 1976இல் திறந்த இந்தத் தடம் செர்பியத் தலைநகரிலிருந்து மாண்டினீக்ரோவின் ஏட்ரியாட்டிக் கடற்கரையில் உள்ள பார் என்ற ஊருக்கு, கொலாஷின் பக்கம் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறி இறங்குகிறது. மாலா ரியேகா பாலம் பள்ளத்தாக்கின் தரையிலிருந்து 198 மீட்டர் உயரம். மூடிய இடத்துக்குப் பயப்படுபவருக்கும் உயரத்துக்குப் பயப்படுபவருக்கும் பாரபட்சமில்லாமல் பரிமாறியிருக்கிறார்கள்.

ஆனால் கணக்கை இன்னொரு பக்கமிருந்தும் போடலாம். 254 சுரங்கம் 114 கிலோமீட்டர் என்றால் சராசரியாக ஒன்று அரை கிலோமீட்டர்கூட இல்லை. பெரும்பாலானவை அரை நிமிடத்தில் முடிந்துவிடும். ஆறு கிலோமீட்டரைத் தாண்டுபவை இரண்டே: செர்பியாவில் ஸ்லாதிபோர், கடலுக்குச் சற்று முன் சொஸினா. வண்டியின் வேகத்தைப் பொறுத்து ஐந்திலிருந்து ஏழு நிமிடம். நான் செய்வது இதுதான்: சுரங்கம் தொடங்கும்போது கைக்கடிகாரத்தைப் பார்க்கிறேன், வெளிச்சம் வரும்போது மறுபடி பார்க்கிறேன். பத்துப் பதினைந்து சுரங்கத்துக்குப் பிறகு உடம்பு ஒரு விஷயத்தைக் கற்றுக்கொள்கிறது: இருட்டு வருகிறது, போகிறது. மனநல மருத்துவர்கள் படிப்படியாகப் பயத்தை எதிர்கொள்ளவைக்கும் சிகிச்சைக்குத் திட்டம் போடுவார்கள். இந்தத் தடம் அதை ஒரே நாளில் 254 முறை இலவசமாகச் செய்துகாட்டுகிறது. முதல் பயணத்துக்கு மட்டும் இதைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

பகல் வண்டியா, இரவு வண்டியா என்றால் பகல். அது கோடைக்காலத்தில்தான் ஓடுகிறது. பயணம் பதினொரு மணி நேரம் என்று அட்டவணை சொல்லும். பன்னிரண்டு, பதின்மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவில் சுரங்கமும் தெரியாது, அதற்கு ஈடாகக் கிடைக்கும் மொராச்சா பள்ளத்தாக்கும் தெரியாது. மாண்டினீக்ரோ தலைநகர் பொட்கொரிட்சாவைத் தாண்டி ஸ்கதார் ஏரியின் நடுவே கரைமேல் வண்டி போகும் அந்தச் சில நிமிடங்களுக்காகவே நான் பகலில் போவேன்.

இந்த ரயில்கள் பாதுகாப்பானவையா?

பதற்றம் உள்ளவர்கள் நள்ளிரவில் எதைத் தேடுவார்கள் என்று எனக்குத் தெரியும், எனவே நீங்கள் தேடிக் கண்டுபிடிப்பதை நானே சொல்லிவிடுகிறேன். 2006 ஜனவரியில் பொட்கொரிட்சாவுக்கு அருகே பியோச்சேயில் பிரேக் பிடிக்காமல் ஒரு ரயில் தடம் புரண்டு பள்ளத்தில் விழுந்தது. நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2024 நவம்பர் 1 அன்று செர்பியாவின் நோவி சாத் நிலையத்தில் வெளிக்கூரை இடிந்து 16 பேர் இறந்தார்கள். அதைத் தொடர்ந்த போராட்டங்கள் அந்த நாட்டையே உலுக்கின.

இவற்றைத் தெரிந்துகொண்டும் நான் ரயிலில்தான் போகிறேன். அதே மலைகளில் வளைந்து செல்லும் சாலையில் இரவில் பஸ்ஸில் போவதை விட ரயில் பாதுகாப்பானது. ஐரோப்பா முழுவதுமே கிலோமீட்டர் கணக்கில் சாலையை விட ரயிலில் உயிரிழப்பு வெகு குறைவு. இதைத் தெரிந்துகொண்ட பிறகு விபத்துப் படங்களைத் தேடுவதை நிறுத்துங்கள். ஒரு முறை படிப்பது தகவல். பத்தாம் முறை படிப்பது நோய் தனக்குத் தீனி போட்டுக்கொள்வது.

ஓடும் ரயிலில் பேனிக் அட்டாக் வந்தால் என்ன செய்வது?

முதலில் செய்யக்கூடாதது: அடுத்த நிலையத்தில் இறங்கிவிடாதீர்கள். பெயர் தெரியாத மலை நிலையத்தில், அடுத்த வண்டி நாளைக்குத்தான் என்ற நிலையில் நிற்பது பேனிக்கை விடப் பெரிய சிக்கல். அதைவிட முக்கியம், இறங்கியதும் பயம் தணிந்தால் "இறங்கியதால்தான் பிழைத்தேன்" என்று மூளை பதிவுசெய்துகொள்ளும். அடுத்த முறை ரயில் படியில் கால் வைக்கும்போதே அது அலறும்.

பேனிக் அட்டாக் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சம் தொட்டு, அரை மணிக்குள் வடிந்துவிடும். நெஞ்சு படபடக்கும், விரல் நுனி மரத்துப்போகும், மூச்சு போதாததுபோல் இருக்கும். உண்மையில் மூச்சு அதிகமாகிவிட்டது. வேகமாக மூச்சு விடுவதால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து அந்த மரத்துப்போதலும் தலைச்சுற்றலும் வருகின்றன. அதனால் "ஆழமாக மூச்சை இழு" என்ற அறிவுரை இங்கே உதவாது. மெதுவாக, கொஞ்சமாக இழுத்து, அதைவிட நீளமாக விடுங்கள். நான்கு எண்ணி உள்ளே, ஆறோ ஏழோ எண்ணி வெளியே.

பழைய பெட்டிகளில் ஒரு பக்கமாக நீண்ட நடைவழி உண்டு, அதன் சன்னல்களில் பலவற்றைக் கீழே இறக்கலாம். நான் அங்கே போய் நிற்பேன். தலையை வெளியே நீட்டுவதில்லை. சுரங்கச் சுவர் ஒரு கைத் தொலைவில்தான் ஓடும். குளிர்ந்த சன்னல் கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, தண்டவாளத்தின் தட்டலை எண்ணத் தொடங்குவேன். பயத்தைத் துரத்துவதற்காக அல்ல. "இருந்துகொள், நான் சன்னலைப் பார்க்கிறேன்" என்ற பாவனையில்தான். துரத்தத் துரத்த அது நெருங்கி வரும் சாதி.

டிக்கெட் பரிசோதகர் வந்து ஏதாவது கேட்டால் மறைக்க வேண்டியதில்லை. செர்பிய மொழியில் "உடம்பு சரியில்லை, கொஞ்ச நேரத்தில் சரியாகும்" என்று எழுதிய ஒரு சிறு அட்டை என் சட்டைப் பையில் இருக்கும். குரோஷியா, போஸ்னியா, மாண்டினீக்ரோ எங்கும் அது புரியும்.

முன்பு வந்ததைப் போல இல்லாமல், நெஞ்சுவலி கைக்கோ தாடைக்கோ பரவினால், மயக்கம் வந்தால், அல்லது வாழ்க்கையில் முதல் முறையாக இப்படி நேர்ந்தால், பேனிக்தான் என்று நீங்களே தீர்ப்பு எழுதாதீர்கள். ரயில் ஊழியரிடம் சொல்லுங்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் அவசர எண் 112. செர்பியாவிலும் வட மாசிடோனியாவிலும் ஆம்புலன்ஸ் 194, போஸ்னியாவிலும் மாண்டினீக்ரோவிலும் 124, அல்பேனியாவில் 127.

இரவில் எல்லையில் எழுப்பிப் பாஸ்போர்ட் கேட்பார்களாமே?

கேட்பார்கள். பெல்கிரேட்–பார் இரவு வண்டியில் மாண்டினீக்ரோ காவலர்கள் பியேலோ போல்யே நிலையத்தில் ஏறுவார்கள். கதவு சரக்கென்று திறக்கும், விளக்கு எரியும், கழுத்தில் சிறு பெட்டியைத் தொங்கவிட்ட ஒருவர் கையை நீட்டுவார். எதிர்ப் படுக்கையில் இருப்பவரின் செர்பிய அடையாள அட்டையைப் பார்க்க அவருக்கு மூன்று விநாடி போதும். இந்தியப் பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், விசா ஒட்டிய பக்கத்தில் விரலை வைத்து ஏதோ எண்ணுவார், பிறகு அதை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விடுவார்.

அந்த ஐந்து பத்து நிமிடம் பொல்லாதது. அலுவலக அறையில் கணினியில் சரிபார்க்கிறார்கள், அவ்வளவுதான். திரும்பி வந்து முத்திரை குத்துவார். அவர் வரும்வரை செய்வதற்கு ஒரு வேலை வைத்துக்கொள்ளுங்கள். நான் தங்குமிட முன்பதிவு, திரும்பும் டிக்கெட், காப்பீடு மூன்றையும் காகிதத்தில் எடுத்து மடியில் அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. கைக்கு வேலை கிடைக்கிறது.

சோஃபியா–இஸ்தான்புல் இரவு ரயில் இன்னும் ஒரு படி மேல். துருக்கி எல்லையில் கபிகுலே நிலையத்தில் நடுநிசியில் எல்லோரும் பெட்டி படுக்கையோடு இறங்கி, வரிசையில் நின்று, முத்திரை வாங்கி, சாமான்களைச் சோதனை இயந்திரத்தில் விட்டு, மறுபடி ஏற வேண்டும். தூக்கம் கெட்டால் மறுநாள் பதற்றம் கூடும் உடம்பு என்றால் மறுநாளை வெறுமையாக விட்டுவையுங்கள். அந்த வண்டி இஸ்தான்புல்லின் மையத்துக்கு வராது, ஹல்கலி என்ற புறநகரில் நின்றுவிடும். அங்கிருந்து மர்மரை ரயிலில் வர வேண்டும்.

சில படுக்கைப் பெட்டிகளில் பொறுப்பாளர் இரவில் டிக்கெட்டை வாங்கி வைத்துக்கொண்டு காலையில் தருவார். வழக்கம்தான், அதற்காக விழித்திருக்க வேண்டாம்.

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா எப்படி?

செர்பியா இந்தியர்களுக்குத் தந்திருந்த விசா விலக்கை 2023 ஜனவரி 1 முதல் நிறுத்திவிட்டது. ஆனால் செல்லுபடியாகும் ஷெங்கன் விசா (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா) கையில் இருந்தால் செர்பியா, மாண்டினீக்ரோ, போஸ்னியா, வட மாசிடோனியா ஆகியவை பொதுவாகத் தனி விசா கேட்பதில்லை. எத்தனை நாள் தங்கலாம், பலமுறை நுழையும் விசாவாக இருக்க வேண்டுமா என்பது நாட்டுக்கு நாடு வேறு. அந்தந்த நாட்டு வெளியுறவு அமைச்சகத் தளத்தில் உள்ள பக்கத்தை அச்செடுத்துப் பையில் வையுங்கள். எல்லைக் காவலருக்காக இல்லாவிட்டாலும் உங்கள் நிம்மதிக்காக.

குரோஷியா 2023 ஜனவரியில் ஷெங்கனில் சேர்ந்தது. ருமேனியா, பல்கேரியாவின் தரை எல்லைகளும் 2025 ஜனவரி முதல் ஷெங்கனுக்குள். எனவே குரோஷியாவிலிருந்து போஸ்னியாவுக்குப் போய்விட்டுத் திரும்பினால் அது இரண்டாம் நுழைவு. ஒருமுறை நுழையும் விசா வைத்திருப்பவர் வெளியே மாட்டிக்கொள்வார். 2025 அக்டோபர் முதல் ஷெங்கன் வெளி எல்லைகளில் படிப்படியாக விரல்ரேகையும் முகப்படமும் எடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். அது உங்களை மட்டும் தனியாகப் பிடித்துச் செய்வதல்ல.

கொசோவோ வழியாகச் செர்பியாவுக்குள் நுழையும் திட்டம் வேண்டாம். கொசோவோ எல்லையைச் செர்பியா நாட்டு எல்லையாக ஏற்பதில்லை. வேறு நாட்டிலிருந்து கொசோவோவுக்குள் போனவர் அங்கிருந்து செர்பியாவுக்கு வந்தால் திருப்பி அனுப்பலாம்.

ரயில் தாமதமானால் எனக்குத் தாங்காது. அங்கே நேரத்துக்கு வருமா?

வராது. ஒரு மணி நேரத் தாமதம் அங்கே செய்தியே அல்ல. ஒற்றைத் தடம், எதிர் வண்டிக்காகக் காத்திருத்தல், எல்லைச் சோதனை, பழைய எஞ்சின் என்று காரணங்கள் பல. அறிவிப்பில் "காஸ்னி" என்று காதில் விழுந்தால் தாமதம் என்று பொருள்.

எனக்கு உதவியது, தங்குமிடத்துக்கு வந்துசேரும் நேரத்தை அட்டவணையிலிருந்து இரண்டு மணி நேரம் தள்ளிச் சொல்வது. அதன்பின் ஒன்றரை மணி தாமதம்கூட முன்னதாக வந்த கணக்குதான். அன்று இரவே விமானம் பிடிப்பது போன்ற சாகசங்களை மற்றவர்களுக்கு விட்டுவிடுங்கள். வண்டி நடுவழியில் அசையாமல் நிற்கும்போது சுற்றியிருப்பவர்களைக் கவனியுங்கள். யாரும் கடிகாரத்தைப் பார்க்க மாட்டார்கள். ஒருவர் சூரியகாந்தி விதையை உரித்துக்கொண்டிருப்பார், இன்னொருவர் இறங்கித் தண்டவாள ஓரமாகப் புகைத்துக்கொண்டிருப்பார்.

ஒரு சின்ன எச்சரிக்கை: பல்கேரியாவும் ருமேனியாவும் செர்பியாவை விட ஒரு மணி நேரம் முன்னால். ரயிலுக்கும் மாத்திரைக்கும் இந்தக் கணக்கு முக்கியம்.

நிலையத்தில் குழம்பிப்போவேனோ என்று பயமாக இருக்கிறது.

நியாயமான பயம். இரண்டு விஷயங்களை முன்பே தெரிந்துகொண்டால் பாதி குறையும்.

அறிவிப்புப் பலகையில் இரண்டு எண்கள் இருக்கும். "பெரோன்" என்பது நடைமேடை, "கொலோசெக்" என்பது தண்டவாளம். ஒரு நடைமேடையின் இரு பக்கமும் இரண்டு தண்டவாளம் என்பதால் எண்கள் பொருந்தாது. பெரோன் 2, கொலோசெக் 4 என்றிருந்தால் இரண்டாம் மேடையில் ஏறி நான்காம் தண்டவாளப் பக்கம் திரும்பி நிற்க வேண்டும். இது தெரியாமல் நான்காம் நடைமேடையைத் தேடி ஓடும் வெளிநாட்டவர்களை எப்போதும் பார்க்கலாம். பல்கேரியாவில் தண்டவாளத்தைக் "கொலோவோஸ்" என்பார்கள். சோஃபியா மத்திய நிலையத்தில் மேடைகளைக் கிழக்கு, மேற்கு என்று வேறு பிரித்திருக்கிறார்கள்.

இரண்டாவது, செர்பியாவிலும் பல்கேரியாவிலும் புழங்கும் சிரிலிக் எழுத்து. போகும் ஊரின் பெயரை மட்டும் அந்த எழுத்தில் ஒரு காகிதத்தில் பெரிதாக எழுதிவைத்துக்கொண்டு பலகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு மாலைப் பொழுது உட்கார்ந்தால் எழுத்துகளையே கற்றுவிடலாம்.

பெல்கிரேடில் பழைய மத்திய நிலையத்தை 2018இல் மூடிவிட்டார்கள். புதியது ப்ரோகோப் என்று மக்கள் சொல்லும் பெல்கிரேட் சென்டர். ஆனாலும் சில வண்டிகள் கட்டுமானப் பணிகளால் வேறு நிலையத்திலிருந்து கிளம்புவதுண்டு. முந்தைய நாள் மாலை நிலையத்துக்கு நேரில் போய்க் கேட்டுவிடுவது நல்லது. வழியும் பழகிவிடும்.

சோஃபியாவில் உதவ வருவதுபோல் வந்து, டிக்கெட்டை வாங்கிப் பார்த்து, பெட்டிவரை கொண்டுபோய் விட்டுக் காசு கேட்பவர்கள் உண்டு. சீருடையையும் பெயர் அட்டையையும் பார்த்து மட்டும் டிக்கெட்டை நீட்டுங்கள். பல்கேரியர்கள் "ஆம்" என்பதற்குத் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவார்கள், "இல்லை" என்பதற்கு மேலும் கீழும். "இது ப்ளோவ்திவ் வண்டியா?" என்று கேட்டு, வந்த பதிலைப் பார்த்துக் கீழே இறங்கிவிடாதீர்கள், வாய்ச்சொல்லாகவும் கேட்டுக்கொள்ளுங்கள்.

டிக்கெட்டை முன்பே வாங்கிவிட்டால் நிம்மதியாக இருக்குமே?

குரோஷியா, ருமேனியா, செர்பியாவின் உள்நாட்டு வண்டிகளுக்கு இணையத்தில் வாங்கலாம். எல்லை தாண்டும் வண்டிகள் பலவற்றுக்கு நிலையச் சன்னலில்தான். பல ஐரோப்பிய நாடுகளின் ரயில்களுக்குப் பொதுவான யூரெயில் பாஸ் இந்த நாடுகளில் பெரும்பாலும் செல்லும், அல்பேனியாவிலும் கொசோவோவிலும் செல்லாது. ஆனால் இங்கே டிக்கெட் விலையே குறைவு. பால்கனுக்கு மட்டும் பாஸ் எடுப்பது வீண் செலவு.

பணம் நாட்டுக்கு நாடு மாறும்: செர்பியாவில் தினார், போஸ்னியாவில் மார்க், வட மாசிடோனியாவில் தெனார், அல்பேனியாவில் லெக். மாண்டினீக்ரோ ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் யூரோதான். பல்கேரியாவும் 2026 ஜனவரியில் யூரோவுக்கு மாறிவிட்டது. நிலையக் கழிப்பறைக்குச் சில்லறை வேண்டும், இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

மருந்துகளை எப்படி எடுத்துப்போவது?

கைப்பையில், மருந்துக்கடைப் பெட்டியோடும் அட்டையோடும். மாத்திரைகளைப் பிரித்து வார டப்பாவில் போட்டு எல்லையைக் கடக்காதீர்கள். மருத்துவரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்குங்கள். நிறுவனப் பெயரில் அல்ல, எஸ்சிடலோபிராம், செர்ட்ரலின் என்று மருந்தின் பொதுப் பெயரில். குளோனசிபாம், அல்பிரசோலாம் போன்றவை பல நாடுகளில் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. பயண நாள்களுக்குத் தேவையான அளவோடு, மருந்துச் சீட்டும் கூடவே இருக்கட்டும்.

பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு புதிய மருந்தைத் தொடங்காதீர்கள். நன்றாக இருக்கிறது என்று பாதியில் நிறுத்தவும் வேண்டாம். திடீரென நிறுத்தினால் வரும் தலைச்சுற்றலும் எரிச்சலும் நோயே திரும்பிவிட்டதுபோல் பயமுறுத்தும். அவசரத்துக்கு ஒரு மாத்திரை மருத்துவர் தந்திருந்தால், அதை எப்போது எடுப்பது என்பதையும் வீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நடுங்கும் கையோடு அந்த முடிவை எடுக்கக் கூடாது.

காபி, ரக்கியா?

பால்கன் காபி சிறிய பாத்திரத்தில் காய்ச்சி மண்டியோடு ஊற்றித் தருவது. அளவு கொஞ்சம், வீரியம் அதிகம். காஃபின் படபடப்பைக் கூட்டும், எனவே பயண நாளில் நான் தொடுவதில்லை. சேர்ந்த ஊரில், மறுநாள் மதியத்துக்கு முன் ஒன்று. ரக்கியா என்ற பழச் சாராயத்தைச் சக பயணிகள் பிளாஸ்டிக் பாட்டிலிலிருந்து அன்போடு ஊற்றித் தருவார்கள். தூக்க மாத்திரையோ குளோனசிபாம் வகையோ எடுப்பவர்கள் ஒரு மிடறும் கூடாது. இரண்டும் சேர்ந்தால் மூச்சே அடங்கலாம். மற்றவர்களுக்கும் அன்றிரவு தரும் நிம்மதியை மறுநாள் காலைப் பதற்றம் வட்டியோடு வசூலித்துவிடும். நெஞ்சில் கைவைத்து "மருந்து சாப்பிடுகிறேன்" என்று சொன்னால் யாரும் வற்புறுத்துவதில்லை.

ஆறு பேர் உட்காரும் அறைகள், முன்பின் தெரியாதவர்கள். தனியாகப் போகும் பெண்ணுக்கு?

பெண்கள் பலர் தனியாகப் போகிறார்கள். இரவு வண்டியில் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து, உள்ளே தாழ் போடக்கூடிய தூங்கும் அறையில் படுக்கை எடுங்கள். பெண்களோடு இடம் வேண்டுமென்று சன்னலில் கேட்கலாம். பகல் வண்டியில் குடும்பமோ வயதான பெண்களோ இருக்கும் அறையில் உட்காருவது என் தோழிகளின் வழக்கம். யாராவது தொல்லை கொடுத்தால் இடத்தை மாற்றுவதற்கு யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

பேச்சு வரும். எங்கிருந்து வருகிறாய், கல்யாணம் ஆயிற்றா, சம்பளம் என்ன என்று நம் ஊர் ரயிலில் கேட்பதையெல்லாம் கேட்பார்கள். சமூகப் பதற்றம் உள்ளவர்களுக்கு இது கனம்தான். காதில் இயர்போன் போதுமான பதில். அங்கே அது மரியாதைக் குறைவாகத் தோன்றுவதில்லை.

வீட்டில் ஒவ்வொரு மணிக்கும் செய்தி அனுப்பச் சொல்கிறார்கள்.

அனுப்பாதீர்கள். மொராச்சா பள்ளத்தாக்கிலும் சுரங்கங்களிலும் சிக்னல் போய்ப் போய் வரும். அனுப்ப முடியாத ஒவ்வொரு மணியும் அங்கே அம்மாவுக்கு ஒன்று, இங்கே உங்களுக்கு ஒன்று என்று இரண்டு பதற்றமாகும். காலையில் ஏறியதும் ஒரு செய்தி, இரவு தங்குமிடம் சேர்ந்ததும் ஒன்று என்று கிளம்பும் முன்பே பேசிவிடுங்கள். இரவுச் செய்தி வர நள்ளிரவுகூட ஆகலாம் என்பதையும் சேர்த்து. இன்னொன்று, "நான் நன்றாகத்தானே இருக்கிறேன்?" என்று அடிக்கடி கேட்டு உறுதி வாங்குவதும் பதற்றத்தின் வேலைதான்.

செர்பியாவைத் தனியாகக் கவனியுங்கள்: உங்கள் இந்திய சிம்மின் ஐரோப்பிய ஒன்றியத் திட்டமோ ஐரோப்பாவில் வாங்கிய சிம்மோ அங்கே, போஸ்னியாவில், மாண்டினீக்ரோவில் செல்லாமல் போகலாம். வாங்கும்போதே நாடுகளின் பட்டியலைப் பாருங்கள்.

பாதியில் முடியவில்லை என்றால் திரும்பிவிடலாமா?

தாராளமாக. ஆனால் முடிவை ரயிலில் எடுக்காதீர்கள், பேனிக் நடக்கும்போதும் எடுக்காதீர்கள். ஒரு இரவு தூங்கி, காலையில் வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகும் திரும்பத்தான் தோன்றினால் திரும்புங்கள். பெல்கிரேட், ஜாக்ரெப், சோஃபியா, பொட்கொரிட்சா எல்லாவற்றிலும் விமான நிலையம் இருக்கிறது. நடுவில் ஒரு ஊரில் நாலு நாள் வெறுமனே தங்குவதும் பயணம்தான். மோஸ்தார் அதற்கு வசதியான ஊர்.

சைவம் கிடைக்குமா? பசித்தால் எனக்குப் பதற்றம் கூடும்.

பசி பலருக்கும் அதைத்தான் செய்கிறது. பெரும்பாலான வண்டிகளில் சாப்பாட்டுப் பெட்டி இல்லை, எனவே ஏறும் முன் வாங்கிவிடுங்கள். ஒவ்வொரு நிலையத்துக்கும் பக்கத்தில் "பெக்காரா" என்ற ரொட்டிக்கடை விடியற்காலையிலேயே திறந்திருக்கும். அடுக்கடுக்கான மாவில் கீரை வைத்தது செல்யானிட்சா, பாலாடைக்கட்டி வைத்தது சிர்னிட்சா, உருளைக்கிழங்கு வைத்தது க்ரொம்பிருஷா. போஸ்னியாவில் "பூரெக்" என்று மட்டும் கேட்டால் இறைச்சி வைத்ததுதான் வரும். செர்பியாவிலும் மாண்டினீக்ரோவிலும் ஆர்த்தடாக்ஸ் நோன்பு நாள்களில் "போஸ்னோ" என்று எழுதிய பண்டங்களில் இறைச்சி, பால், முட்டை இருக்காது. மீன் மட்டும் இருக்கலாம், கேட்டு வாங்குங்கள். தண்ணீர் இரண்டு பாட்டில், வாழைப்பழம், உப்புக் கடலை. கழிப்பறைக் காகிதமும் சேர்த்துக்கொள்ளுங்கள், வண்டியில் இருக்காது.